இடக்கைக் காவல்படை

என் அக்காவுக்கு அருங்காட்சியகத்தில் 'எதுக்கும்' என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள், அவ்வளவு தைரியம் அங்கே ஒருவருக்கும் கிடையாது. யார் எதைச் சொன்னாலும், "எதுக்கும் ஒரு தடவை பாத்துடுவோம்" என்பாள். வெளியே மழை என்று காவலாளி சொன்னால் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிப் பார்ப்பாள். வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பாள். என் கல்யாணத்தன்று, "பொண்ணு பிறந்த தேதி சர்டிபிகேட்ல ஒண்ணு இருக்கு, நீங்க சொல்றது வேற ஒண்ணா இருக்கே?" என்று என் மாமனாரைப் பிடித்துக்கொண்டாள். மனிதருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. இன்றைக்கும் அக்கா வருகிறாள் என்றால் அவர் மாடிக்குப் போய்விடுவார்.

நானும் சந்தேகப்படுகிற ஆள்தான். அடிபட்ட வண்டிகளைப் பார்த்துவிட்டு, அதன் சொந்தக்காரர் சொல்வது நிஜமா புளுகா என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பது என் வேலை. ஆனால் எனக்கு அதற்குச் சம்பளம் வருகிறது. அக்கா அதைப் பிறவியிலேயே கொண்டுவந்துவிட்டாள்.

அவள் வேலை, ஆயுதக் கூடத்திலுள்ள வாள், ஈட்டி, கவசங்களுக்கு விளக்க அட்டை எழுதுவது. கூடத்துக்குப் பின்னால் ஒரு குறுகலான அறை. அதன் ஒரே ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டி தெரியும். ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பழைய ஆயுத நூல்கள், ஒவ்வொன்றும் தலையணை கனம். அவற்றை எழுதிப் போய்ச் சேர்ந்தவர்களைப் பற்றி அக்கா பங்காளிகளைப் பற்றிப் பேசுவதுபோல் பேசுவாள்.

"இந்தப் பெரிய மனுஷன் வீட்டை விட்டே கிளம்பல. பழைய சாமான் விக்கிறவன் சொன்னதையெல்லாம் எழுதி வச்சிட்டுப் போயிட்டார்."

"இவர் பரவாயில்ல. எடையை மட்டும் நம்பிடாதே. இவர் சொல்ற தலைக்கவசத்தைப் போட்டா கழுத்து முறிஞ்சிடும். ஒரு தராசு கூடவா கிடைக்கல?"

ஒரு நூலில் ஏதோ ராஜாவின் கவசம் என்று முழுப் பக்கத்துக்குப் படம் இருந்தது. மார்புப் பகுதி ஒருவனுடையது, கால் பகுதி அவனுடைய கொள்ளுப்பேரன் காலத்தது என்றும், எவனோ ஒரு வியாபாரி சேர்த்துக் கட்டி விற்றிருக்கிறான் என்றும் அக்கா கண்டுபிடித்தாள். இன்னொன்றில் 'தலை கொய்யும் கத்தி' என்று போட்டிருந்தது வெறும் கசாப்புக் கத்தி. அதைக் காட்டிப் பள்ளிப் பிள்ளைகளைப் பயமுறுத்திக்கொண்டிருந்த காவலாளி அன்றிலிருந்து அவளோடு பேசுவதில்லை. பொய் என்று பட்ட இடத்திலெல்லாம் பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுவாள். சில புத்தகங்களில் எழுத்தைவிடக் கேள்விக்குறி அதிகம்.

ஒரே ஒரு புத்தகத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறிகூடக் கிடையாது. சிவப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகத்தின் நடுவே எங்கள் ஊர்க் கோட்டையின் காவல்படை படமாக இருக்கிறது. முன்னால் நிற்பவன் வலது இடுப்பில் தொங்கும் உறையிலிருந்து இடது கையால் வாளை உருவுகிறான். பின்னால் ஒருவன் கொம்பு ஊதுகிறான், இன்னொருவன் குதிரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இந்தக் கோட்டையைக் காக்க இடக்கைக்காரர்களையே பொறுக்கி எடுத்தார்கள், குறுகலான திருகுப் படிக்கட்டில் அவர்களை யாராலும் நெருங்க முடியவில்லை என்று கீழே எழுதியிருக்கிறது. உலகத்தையே சந்தேகப்பட்ட என் அக்கா இதை மட்டும் ஏன் அப்படியே விழுங்கினாள் என்று சொல்ல வேண்டுமானால் எங்கள் வீட்டுக்குள் போக வேண்டும்.

அக்கா இடக்கைக்காரி. எங்கள் அம்மா பள்ளிக்கூட டீச்சர். "ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் நான் எழுதச் சொல்லித்தரேன், என் பொண்ணு பீச்சாங்கையால எழுதறதா?" என்று, வீட்டுப்பாடம் எழுதும் நேரத்தில் அக்காவின் இடது கையை நாற்காலிக் கையோடு கட்டிவைக்கச் சொல்லிவிட்டாள். கட்டியது அப்பா. அவர் அச்சகத்தில் படங்களுக்கு பிளாக், அதாவது படம் வெட்டிய அச்சுத் தகடு, செய்கிறவர். அச்சுக்குக் கோத்த ஈய எழுத்துகள் சிதறாமல் சுற்றிக் கட்டுகிற நூல் அவர் சட்டைப் பையில் எப்போதும் இருக்கும். அம்மாவிடம் மறுபேச்சு பேசத் தெரியாத மனுஷன், அந்த நூலை எடுத்துக் கட்டுவார். அக்கா அழ மாட்டாள், முரண்டு பிடிக்க மாட்டாள். வலது கையால் எழுதுவாள். எழுத்து பக்கமெல்லாம் கோணிக்கொண்டு போகும்.

ஒரு விடுமுறை நாளில் அப்பா எங்களை நூலகத்துக்குக் கூட்டிப் போனார். அவர் அங்கே எதையும் படிக்க மாட்டார். பெரிய பெரிய புத்தகங்களை எடுத்துப் படங்களை மட்டும் பார்ப்பார், தொழில் அப்படி. அன்றைக்கு இதே சிவப்புப் புத்தகத்தின் இன்னொரு பிரதியில் ஒரு பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். மூக்கு காகிதத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். அப்புறம் நிமிர்ந்து, "இங்க வாம்மா, உன் ஆளுங்களைப் பாரு" என்று அக்காவைக் கூப்பிட்டார்.

அடுத்த விடுமுறையில் அம்மாவையும் இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். அம்மா திரும்பத் திரும்பப் படித்தாள். "புத்தகத்துலயே போட்டிருக்கே!" என்றாள். அச்சில் வந்த எதையும் அம்மா எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. அத்தோடு கட்டுவது நின்றுபோனது. அக்கா அருங்காட்சியக வேலையில் சேர்ந்ததே அந்தக் காவல்படையின் வாள்கள் அங்கே இருந்ததால்தான். அம்மா போன பிறகு அப்பா அக்கா வீட்டோடு வந்துவிட்டார். இந்த வயதிலும் வருகிறவர்களிடமெல்லாம், "எங்க பெரியவளுக்குக் கோட்டைக் காவல்படைக் கை" என்று சொல்லாமல் விட மாட்டார்.

போன வருடம் ஆயுதக் கூடத்தின் கூரை ஒழுகியது. அந்த வாள்களை வைத்திருந்த கண்ணாடி அலமாரி, எந்தக் காலத்திலோ திருகு போட்டு மூடியது. திருகெல்லாம் துருவேறிப் போனதால் யாரும் திறந்ததில்லை. இப்போது வேறு வழியில்லாமல் அறுத்துத் திறந்தார்கள். கூடத்தையே புதுப்பித்து, இடக்கைக் காவல்படைக்கென்று பெரிய பலகை வைப்பது என்றும் முடிவானது. எழுதப்போவது அக்கா. திறப்பு நாளன்று அப்பாவைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்து பலகைக்கு முன்னால் நிறுத்துவது என்று நாங்கள் பேசி வைத்திருந்தோம்.

திடீரென்று ஒருநாள் என் ஆபீசுக்கு போன் செய்தாள். "உடனே வா. எதுவும் கேக்காதே."

அந்தக் குறுகலான அறையில், மேஜை மேல் துணி விரித்து அதில் ஒரு வாள் கிடந்தது.

"புடி," என்றாள்.

பிடித்தேன். கைப்பிடியின் பக்கவாட்டில் சின்னதாக ஓர் இரும்பு வளையம் இருந்தது. என் கட்டைவிரல் தானாக அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது. நன்றாகத்தான் இருந்தது.

"இப்ப இடது கையால புடி."

வளையம் மறுபக்கம் போய்விட்டது. கட்டைவிரலுக்குப் பிடிமானமே இல்லை. வளையம் மற்ற விரல்களின் எலும்பில் இடித்தது.

"அலமாரியில வளையம் இருக்கிற பக்கமெல்லாம் சுவரைப் பாத்துத் திரும்பி இருந்துச்சு, அதான் தெரியல. ஒரு வாள்னா விட்டுடலாம். அத்தனையும் இப்படித்தாண்டா இருக்கு. வளையத்துக்கு உள்ளே பாரு, தேஞ்சு பளபளன்னு கிடக்கு. எல்லாம் வலக்கைக்காரன் புடிச்சது."

பிறகு இடக்கைப் படையைப் பற்றி எழுதியிருந்த மற்றப் புத்தகங்களை எடுத்து அடுக்கினாள். ஒருவர், அந்தப் படைக்குத் தளபதியும் இடக்கைக்காரன்தான் என்று சேர்த்திருந்தார். அவருக்கு அடுத்து வந்தவர், ராஜாவையே இடக்கைக்காரராக்கிவிட்டார். ஆதாரம் என்ன என்று தேடிப் போனால் எல்லாரும் கடைசியில் சிவப்புப் புத்தகத்தில் வந்து விழுந்தார்கள். சிவப்புப் புத்தகக்காரரோ அந்தப் படத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதை விட்டிருந்தார். என் வேலையில் இந்த மாதிரி நிறையப் பார்த்திருக்கிறேன். சாட்சி சொல்ல நாலு பேர் வருவார்கள், விபத்தைக் கண்ணால் பார்த்தவன் ஒருத்தனும் இருக்க மாட்டான்.

"சரி, தப்புன்னு எழுதிடு. உனக்கு இது புதுசா?" என்றேன்.

"அப்பாகிட்ட எப்படிடா சொல்றது? இதை நம்பித்தானே அந்த மனுஷன் என் கையை அவுத்து விட்டாரு? இத்தனை வருஷமா எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்காரு. போற காலத்துல அது அத்தனையும் பொய்னு சொல்லணுமா?"

பென்சில் அவள் இடது கையில்தான் இருந்தது. சிவப்புப் புத்தகமும் எதிரே திறந்துதான் இருந்தது. ஆனால் கேள்விக்குறி போடவில்லை. இவள் பலகையில் பொய்யை எழுதிவிடுவாளோ என்று எனக்குத் தோன்றிவிட்டது. அக்காவை நான் சந்தேகப்பட்டது அதுதான் முதல் தடவை, எனக்கே அசிங்கமாக இருந்தது.

பலகைக்கு வாசகம் கேட்டு மேலிடத்திலிருந்து நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். இவள் சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே போனாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அவள் வீட்டுக்குப் போனபோது, சிவப்புப் புத்தகத்தைத் துண்டில் சுற்றி எடுத்து வந்து வைத்திருந்தாள். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அக்கா அவர் எதிரே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, வளையத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்பா புத்தகத்தைத் திறக்கக்கூட இல்லை. "படம் திரும்பி அச்சாயிருக்கும்மா," என்றார்.

"என்னப்பா?"

"தகட்டுல நேரா வெட்டினா காகிதத்துல திரும்பித்தானே விழும்? வெட்டறவன் மாத்தி வெட்டணும். இவன் சோம்பேறி, இருக்கிறபடியே வெட்டிட்டான். இடம் வலமாயிடுச்சு, வலம் இடமாயிடுச்சு."

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கு லைப்ரரியிலயே தெரியும். வாள் புடிக்கிறவன் இடக்கைன்னா சரி. கொம்பு ஊதறவன், குதிரை புடிக்கிறவன், அத்தனை பேருமா சட்டையையும் இடம் வலம் மாத்தி மூடுவாங்க? வாழ்நாள் பூரா திரும்பின படத்தைப் பாத்துக்கிட்டு இருந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏம்பா எங்ககிட்ட..."

அப்பா சுவரில் மாட்டியிருந்த அம்மா படத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் சொன்னா உங்கம்மாவுக்கு ஏறுமா? அச்சுல இருந்தாத்தான் ஏறும். படத்தைப் போட்டவன் கோட்டை விட்டான், அதைப் பாத்து எழுதினவனும் கோட்டை விட்டான். எனக்கு வசதியாப் போச்சு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை.

"போர்டுல என்ன எழுதப் போற?" என்று அப்பா கேட்டார்.

"படம் தப்புன்னுதான்."

"எழுது. வெட்டினவன் சோம்பேறின்னும் சேத்து எழுது."

அக்கா எழுந்திருக்கவில்லை. அவள் நெற்றி சுருங்குவதைப் பார்த்தேன். மாமனாரை மடக்கிய அன்றும் இப்படித்தான் சுருங்கியது. "உங்களுக்குப் பிடிக்கலன்னா ஏம்பா கட்டினீங்க? தினமும் நீங்கதானே கட்டினீங்க?"

இதைக் கேட்பாள் என்று அப்பா எதிர்பார்த்திருக்க வேண்டும். தன் முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"உங்கம்மா பாத்துக்கிட்டு நிப்பாளே. ஆனா நான் முடிச்சே போட்டதில்லம்மா. எழுத்துக்குக் கட்டற கட்டு அது. சுத்திட்டு நுனியை அடியில சொருகி விடறது. நுனியைப் புடிச்சு இழுத்தா மொத்தமும் வந்துடும். அந்த நுனியை உன் விரலுக்குப் பக்கத்துலதான் விடுவேன். ஒரு நாளாவது நீ இழுத்துப் பாப்பேன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். நீ இழுக்கவே இல்ல."

அக்கா எழுந்து உள்ளே போனாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். தையல் பெட்டியிலிருந்து ஒரு நூல் கண்டோடு வந்து, பழையபடி ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையை அவருடைய நாற்காலிக் கையின் மேல் வைத்தாள்.

"கட்டுங்கப்பா. எதுக்கும் ஒரு தடவை பாத்துடுவோம்."

அப்பா நூலை வாங்கிச் சுற்றினார். சுற்று பிசகியது, பிரித்து மறுபடியும் சுற்றினார். கடைசியில் நகத்தால் நுனியைச் சொருகி, கொஞ்சம் வெளியே விட்டு, அவள் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் ஒதுக்கிவைத்தார். அக்கா விரலை வளைத்து அதைப் பிடித்து இழுத்தாள். கட்டு மொத்தமும் அவிழ்ந்து நூல் அவள் மடியில் விழுந்தது.

அதற்குப் பிறகுதான் அழுதாள்.