சுக்கானை விட்ட கை

தோணியின் பின்புறத்தில் அன்று அதன் தலைவரான தண்டல் இருந்தார். பாய் கட்டுகிறவர்கள் இருவர் இருந்தார்கள். செல்லூரிலிருந்து சமையலுக்கு வந்த நான் இருந்தேன். சுக்கானைப் பிடித்துச் சுக்கானி நின்றார்.

ரங்கூன் போகிற வழி. பதினோராம் நாள், உச்சிப்பொழுது. அலையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. சுக்கானி வண்டியூர்ப் பக்கத்து ஆள், கறுப்பு, ஒல்லி. தன் முறையில் ஒருநாளும் உட்காரமாட்டார். வெறுங்காலைப் பலகையில் அழுத்தியே நீரோட்டத்தை அறிவார்.

கீழ்ச்சாதி என்று அவரைத் தண்ணீர்ப் பானையைத் தொட விடுவதில்லை. குனிந்து ஏந்தும் அவர் கையில் நான்தான் உயர நின்று ஊற்றுவேன். அன்றும் செம்பை எடுத்தேன்.

"வேணாம் மாப்ள. நானே மொண்டுக்கிறேன்."

தண்டல் கத்தினார். "வைகை மணல்ல கப்பல் ஓட்டுன பயலுக்கு இம்புட்டுத் திமிரா? பானையில கை வச்சுருவியா?"

"அப்ப நீங்களே ஓட்டுங்கண்ணே" என்று சுக்கானை விட்டுவிட்டார்.

தோணி திரும்பியது. பாய் படபடவென்று அடித்தது. தண்டல் ஓடிவந்து சுக்கானைப் பிடித்தார். பிடித்த கையை அப்புறம் எடுக்க முடியவில்லை, அங்கிருந்தே வைதார்.

சுக்கானி மெதுவாகப் பானையிடம் நடந்து வந்தார். பத்து நாள் ஊற்றியவன் நான். ஒருநாளும் எனக்கு உறைக்கவில்லை. விலகி நின்றேன்.

நிமிர்ந்து நின்றே குடித்தார். மூன்று செம்பு.