மூடி கழற்றாத பேனா

இல்லை… அந்தக் கதையை அவர் எழுதவில்லை.

நேற்று ஆவுடையார்கோவிலில் மரகதவல்லி அம்மா இறந்துவிட்டார். காலையிலிருந்து எல்லோரும் ஷேர் செய்துகொண்டிருக்கும் அந்தப் பரிசுக் கதையை எழுதியவர் அவருடைய கணவர். ஹைஸ்கூல் வாத்தியார்.

கூடவே சுற்றும் கறுப்பு வெள்ளை போட்டோவைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். தாடையில் பேனாவை ஊன்றி யோசிக்கிறார். பேனாவில் மூடி இருக்கிறது.

அறுபதுகளின் பெண் எழுத்து பற்றிய என் ஆய்வுக்காகத்தான் அவரைப் பார்க்கப் போனேன். கதையின் ஜெராக்ஸை நீட்டி, கதாநாயகி சாகும் இடத்தை எழுதும்போது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன்.

கண்ணாடியை எடுக்கக்கூட இல்லை. "நான் எங்க எழுதுனேன், ஆத்தா? என் பேரு எழுதுச்சு."

வாத்தியார் தன் பெயரில் பல வருடம் கதை அனுப்பியிருக்கிறார். எல்லாம் திரும்பி வந்தன. அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னை வார இதழ் ஒன்று பெண்களுக்கு மட்டும் என்று சிறுகதைப் போட்டி வைத்தது. மனைவி பெயரில் அனுப்பினார். முதல் பரிசு.

தாளின் ஒரு பக்கம் மட்டும், அடித்தல் திருத்தல் இல்லாமல் நல்ல பிரதி எடுப்பது எப்போதுமே அம்மாவின் வேலை. அப்படிப் பிரதி எடுத்தே கதையின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டதாம்.

"யாராச்சும் அழப்போறாகன்னா ரெண்டு பக்கத்துக்கு முன்னாடியே மழை பேய ஆரம்பிச்சிரும்."

இதழில் போட்டோ கேட்டார்கள். அறந்தாங்கி ஸ்டூடியோவில், வாத்தியாரின் பேனாவைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். மூடியைக் கழற்றச் சொன்னார் போட்டோக்காரர். வேண்டாம், சேலையில் மை ஒழுகிவிடும் என்றார் வாத்தியார்.

பிறகு மாதர் சங்கத்தில் பேசக் கூப்பிட்டார்கள். 'கதை எழுதுவது எப்படி'. அந்த உரையையும் வாத்தியார்தான் எழுதினார். அம்மா மனப்பாடம் செய்து ஒப்பித்தார்.

முடிந்ததும் ஒரு பெண் எழுந்து, புருஷன் மானத்தைக் காப்பாற்றக் கதாநாயகி ஏன் சாக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அதற்கு உரையில் பதில் இல்லை.

"சாகலைன்னா மறுநாளும் அவதானுங்களே சோறாக்கணும்" என்று சொல்லிவிட்டார் அம்மா.

கூடமே சிரித்ததாம். திரும்பி வரும்போது பஸ்ஸில் வாத்தியார் வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த வருடம் அதே போட்டி. இந்த முறை அம்மாவும் ஒரு கதை எழுதினார், வாத்தியாருக்குத் தெரியாமல். அவருடைய முதல் கதை.

ஒருவர் ஒரு கதைதான் அனுப்பலாம். 'இது என் சொந்தக் கற்பனை' என்று கையெழுத்துப் போட வேண்டும். அம்மா வாத்தியார் கதையைப் பிரதி எடுத்தார். தன் கதையையும் எடுத்தார். ஒரே பெயர், ஒரே கையெழுத்து. இரண்டையும் அனுப்பினார்.

வாத்தியார் கதையை அனுப்பாமல் விட்டிருக்கலாமே என்றேன்.

"அது அவரு பாடுபட்டு எழுதுனதுல்ல. ரெண்டுல எது நல்லாருக்குன்னு அவுகளுக்குத் தெரியாதா, படிச்சவகதானேன்னு நெனச்சேன்."

ஒன்றைத் திருப்பி அனுப்பினார்கள். 'தங்கள் வழக்கமான நடையில் உள்ள கதையை மட்டும் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டோம்' என்ற குறிப்போடு.

உறையைப் பிரித்தவர் வாத்தியார். திட்டவில்லையாம். ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறார்.

"என் பேரக் கெடுத்துப்புட்டியே."

அதன் பிறகு அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அம்மா பிரதி எடுத்துக்கொண்டே இருந்தார். தன் கதை என்று இன்னொன்று எழுதவில்லை.

திரும்பி வந்த கதை என்ன ஆனது என்று கேட்டேன். தெரியவில்லை என்றார். ஆனால் வரி வரியாக நினைவில் இருந்தது.

"செல்போன அங்கிட்டு வையி, சொல்றேன்."

ஒருத்தி கருவாடு வாங்க மணமேல்குடி போகிறாள். திரும்பும் பஸ்ஸைத் தவறவிடுகிறாள். அடுத்த பஸ் சாயங்காலம்தான். வீட்டில் என்ன சொல்வார்கள் என்று முதலில் பயப்படுகிறாள், பிறகு அதை மறந்துவிடுகிறாள். உட்கார்ந்திருக்கிறாள். பஸ் வருகிறது. ஏறவில்லை.

அவ்வளவுதான் கதை. மழை இல்லை.

எழுதிப் பார்க்கும் நண்பர்கள் நாங்கள் நான்கு பேர் கூடி, பக்கம் பக்கமாக விவாதித்து, இன்னும் எழுத முடியாமல் இருக்கிற கதை…

இதையெல்லாம் எழுதட்டுமா என்றேன். "நான் இருக்கையில வேணாம். வர்றவகளுக்கெல்லாம் யாரு பதில் சொல்றது?"

என் ஆய்வுக் கைடிடம் மட்டும் சொன்னேன். ஆதாரம் இல்லை, அத்தியாயத்தைத் தொடாதே என்றார். பரிசுக் கதையைப் பற்றி அவர் எழுதியிருந்த வரி அதில் இருந்தது: 'ஒரு பெண்ணால் மட்டுமே எழுதக்கூடிய கதை.'

அதே வரியைப் போட்டு இன்று அஞ்சலி செலுத்தியிருக்கிறீர்கள், சார். பார்த்தேன்.

பத்து மணிக்கு ஓர் இலக்கிய அமைப்பின் அறிவிப்பும் வந்துவிட்டது. மரகதவல்லி நினைவுச் சிறுகதைப் போட்டி. அப்போது உடலைக்கூட எடுத்திருக்கவில்லை.

விதிகளைப் படித்தேன். ஒருவர் ஒரு கதை. சொந்தக் கற்பனை என்ற உறுதிமொழி கட்டாயம்.

போய் வாங்கம்மா… பஸ் வரட்டும், போகட்டும்.

மத்தியானம் உட்கார்ந்து மணமேல்குடிக் கதையை, அவர் சொன்ன சொற்களிலேயே டைப் செய்தேன். எழுதியவர் பெயர்: மரகதவல்லி. உறுதிமொழியில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காலியாக விட்டு, அந்தப் போட்டிக்கு அனுப்பினேன்.