மூன்றாவது தார்த்தாள்

டென்மார்க்கில், இக்காஸ்ட் ஊரில், மகனுடைய வீட்டின் பின்பக்கத்தில் என் அறை இருக்கிறது. வீட்டோடு பிறகு சேர்த்துக் கட்டினது. அதற்கு ஓடு இல்லை. தட்டையான பலகைக் கூரை, அதன்மேல் தார் பூசின தடித்த தாள். ஒழுகத் தொடங்கி இரண்டு மாரி போய்விட்டது. ஒழுக்கு சரியாகச் சாமித்தட்டுக்கு மேலே. விளக்கு வைக்கிற இடத்தில் வாளி வைத்திருந்தேன்.

மகன் சொன்ன வழி சுகமாக இருந்தது. "பழசைக் கழட்டத் தேவையில்லையம்மா. அதுக்கு மேல புதுத்தாள் ஒண்டை ஒட்டினால் ஒரு நாள் வேலை."

எனக்கும் அதுதான் வேண்டும். கழற்றுவதென்றால் நான் ஹோர்சன்ஸுக்கு மகள் வீட்டுக்குப் போகவேண்டும். மூன்றாம் மாடி, மருமகனோடு ஒரே குளியலறை. அதையும் பொறுக்கலாம். மருமகள் ஒருநாள் என் அறையைத் தன் கணினி மேசைக்காக அளந்து பார்த்ததைக் கண்டிருந்தேன். போனால் அறை எனக்குத் திரும்பக் கிடைக்குமோ என்று பயம்.

கூரை வேலைக்காரர் வந்தார். டெனிஷ்காரர், நல்ல உயரம். அவர் சொன்னதை மகன் எனக்குத் தமிழில் சொன்னான். மேலே ஒட்டினாலும் சட்டத்துக்கு அது புதுக்கூரைதானாம். புதுக்கூரை என்றால் சூடு வெளியே போகாமல் இந்தக் காலத்து அளவுக்குப் பஞ்சும் போட வேண்டி வருமாம். பஞ்சு போட்டால் கூரை உயரும். கூரை உயர்ந்தால் மழைத்தண்ணீர் ஓடுகிற பீலியையும் கழற்றி உயர்த்த வேண்டும். எனக்குக் கேட்கவே அலுத்துப் போனது. வாளியில் தண்ணீர் சொட்டுகிறது, இவர்கள் பீலியைப் பற்றிக் கதைக்கிறார்கள்.

"ஒரு தாள் ஒட்ட ஒரு புத்தகமே எழுதி வைச்சிருக்கிறாங்கள்," என்று மகன் சினந்தான். பிறகு, "கீழ எத்தினை தாள் கிடக்குதெண்டு கேக்கிறார். அம்மா, உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும். இரண்டு. வீடு வாங்கின புதிதில் என் வீட்டுக்காரர் தன்னோடு ஆலையில் வேலை செய்தவர்களைக் கூட்டிவந்து, ஒருவரையும் கேளாமல், ஒரு சனிக்கிழமை பழையதுக்கு மேலே ஒட்டினவர். மகன் அப்போது சின்னப்பிள்ளை. இவர் செத்துப்போன பிறகு இவருடைய வேலையை நான் எப்படிக் குறை சொல்வது? அதுவும் பிற ஆம்பிளைக்கு முன்னால்.

"தெரியாது தம்பி," என்றேன்.

பொய் சொல்லி என்ன கண்டேன்? அந்த மனிசன் ஏறி ஒரு சதுரம் வெட்டிப் பார்த்தார். இறங்கி வரும்போது கையுறையில் ஒரு கறுத்த துணிமுடிச்சு. அவிழ்த்தால் விரலி மஞ்சளும் ஒரு குற்றிக் காசும்.

"இது ரெண்டு தாளுக்கும் நடுவில கிடந்ததாம்," என்றான் மகன். "அதிலதான் தாள் புடைச்சு வெடிச்சுத் தண்ணி போயிருக்காம். பலகையும் ஊறிப்போச்சாம். இதென்ன சாமான் எண்டு கேக்கிறார்."

கையை நீட்டி அதை வாங்கினேன். வீட்டு வேலை தொடங்கினால் மஞ்சள் முடிச்சுக் கட்டாமல் விடமாட்டோம். கூரை மரத்தில், வளையில் கட்டுவதுதான் வழக்கம். "தட்டைக் கூரையில வளைக்கு எங்க போறது, தாளுக்குக் கீழ வைக்கிறன்," என்றார் இவர். நானும் தலையாட்டினேன்.

"என்ரை முடிச்சுத்தான் தம்பி. அப்பா ரெண்டாம் தாள் ஒட்டேக்கை நான்தான் கட்டிக் குடுத்தனான்."

"அப்ப ஏனம்மா தெரியாது எண்டனீங்கள்?"

"அவருக்கு முன்னால எப்பிடிச் சொல்லுறது?"

"அவருக்குத் தமிழ் தெரியாதம்மா."

பலகை ஊறிப்போனபடியால் மூன்றாவது தாளுக்கு வழியே இல்லை என்று முடிந்தது. எல்லாவற்றையும் கழற்றவேண்டும், நான் ஹோர்சன்ஸுக்குப் போகவேண்டும். யாரைத் திட்டுவது? சட்டத்தையோ, இவரையோ, என் மஞ்சளையோ?

போகிற அன்று காலை சாமிப்படங்கள் எல்லாவற்றையும் துடைத்தேன். மருமகளின் கணினி மேசையில் விளக்கோடு சேர்த்து, சுட்டி வைக்கவும் இடமில்லாமல் அடுக்கி வைத்தேன். சாமியை அவள் தள்ளி வைக்கமாட்டாள். அறை சரிவந்த அன்றைக்கே அவள்தான் முதலில் தொலைபேசி எடுத்து என்னைக் கூப்பிடுவாள். இரண்டு சேலையை மட்டும் பையில் வைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.