கூப்பிட்டால் ஓடும் நாய்

சாமளாபுரத்துக்குப் பக்கத்தில் வீட்டை ஒட்டியே எங்கள் தறிக் குடோன். நானும் என் வீட்டுக்காரரும்தான் ஓட்டினோம். விசைத்தறி ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவரிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். நூல் அறுந்தாலும் கத்தல், டீ குடிக்கக் கூப்பிட்டாலும் கத்தல். வெளியே வந்தாலும் குரல் சட்டென்று இறங்காது. கல்யாண வீட்டில் நாங்கள் சாதாரணமாகப் பேசினாலே சண்டையோ என்று ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

எல்லோர் கையிலும் செல்போன் வர ஆரம்பித்த சமயம், ஒரு செவலை நாய் வளர்த்தோம். வீட்டுக்குள் பரம சாது. வாசலைத் தாண்டிவிட்டால் எங்களை யாரென்றே தெரியாது. எங்களுக்கு அடுத்த புன்செய்க் காட்டில் கோழிப்பண்ணை. செத்த கோழிகளை வேலியோரக் குழியில் போடுவார்கள். அந்த வாசம் அடித்தால் அதற்குக் கண் மண் தெரியாது. ஒருநாள் வேலிக்குள்ளேயே புகுந்து உயிர்க்கோழிகளை மிரட்டிவிட்டது.

பண்ணைக்காரர் தேடி வந்துவிட்டார். "இன்னொருக்கா உள்ள வந்துச்சுன்னா மருந்து வெச்சுருவனுங்க. அப்பறம் மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க" என்றார். எங்கள் பக்கம் விஷம் வைப்பதைக்கூட மரியாதையாகத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் சொன்னால் செய்கிறவர்.

கட்டிப்போட்டால் நாய் சோறு தின்னாது. அவிழ்த்தால் ஓட்டம். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று "வா இங்க" என்று கத்துவார். அது வாலை ஒடுக்கிக்கொண்டு இன்னும் தள்ளிப் போகும். கொழுப்பெடுத்த நாய் என்று நானும் திட்டியிருக்கிறேன்.

ஒரு மழைக்காலத்தில் இவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கரண்டும் இல்லை. நாய் வேலியோரம் மோந்துகொண்டிருந்தது. கத்த முடியாமல் குத்தவைத்து உட்கார்ந்து, வெறும் காற்றாக "வா சாமி" என்றார். அது காதை நிமிர்த்தியது. ஓடி வந்து அவர் மடியில் தலையை வைத்தது. இத்தனை நாளும் கூப்பிடுகிறோம் என்றே அதற்குத் தெரிந்திருக்கவில்லை, பாவம். அடிக்க வருகிறோம் என்று நினைத்திருக்கிறது.

அதன்பிறகு அந்தக் குரலிலேயே பழக்கினார். முதலில் வாசலுக்குள், பிறகு தெருவில், பிறகு பண்ணை வேலி தெரிகிற இடத்தில். வந்தால் கருவாட்டுத் துண்டு. வந்ததும் சங்கிலி போடாமல் தடவிக்கொடுத்து மறுபடி விளையாட விடுவார். கட்டிப்போடத்தான் கூப்பிடுகிறார்கள் என்றால் யார்தான் வருவார்கள்?

ஒருநாள் பண்ணைக்குக் கோழி ஏற்ற வண்டி வந்து, கேட் திறந்து கிடந்தது. நாய் கேட்டை நோக்கிப் பாய்ந்துவிட்டது. பண்ணைக்காரர் கையில் தடி. இங்கே தறி ஓடிக்கொண்டிருந்தது. வாசலில் நின்ற இவர் மெதுவாகக் கூப்பிட்டால் அதற்கு எப்படிக் கேட்கும்? நான் ஓடிப்போய் எல்லாத் தறியையும் நிறுத்தினேன். தொண்டை எப்போதோ சரியாகியிருந்தது, பதற்றத்தில் கத்திவிடுவாரோ என்று அவரையே பார்த்தேன். அவர் குத்தவைத்தார். "வா சாமி, வா."

கேட்டுக்குள் ஒரு காலை வைத்தபடி நாய் நின்றது. கோழியைப் பார்த்தது, இவரைப் பார்த்தது. திரும்பி ஓடி வந்தது. பண்ணைக்காரர் தடியைக் கீழே போட்டுவிட்டு, "பரவால்லீங்க" என்றார்.

நான் குடோன் படியில் உட்கார்ந்து அழுதேன். நாய்க்காகப் பயந்துவிட்டேன் என்று இவர் நினைத்தார். கல்யாணமாகி வந்ததிலிருந்து இவர் கூப்பிடும்போதெல்லாம், என்ன தப்புச் செய்தேனோ என்று நினைத்துக்கொண்டேதான் நான் எழுந்து போயிருக்கிறேன்.

"ஏனுங்க, என்னையும் அப்புடிக் கூப்புடலாமில்லீங்க" என்றேன்.

அவர் என் முன்னால் வந்து குத்தவைத்தார். நிறுத்திய தறிகளைச் சாயங்காலம் வரை போடவும் இல்லை.