வளசரவாக்கத்துக் கூழ்க்கடை

அப்படி ஒரு பெண்மணி கிடையாது. அவரை உண்டாக்கியவன் நான். எட்டே வரிகளில்!

நீங்கள் அவரைப் பற்றி வாசித்திருப்பீர்கள். எங்கள் பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில், ‘சென்னையில் ஒரு வார இறுதி’ என்ற பயணக் கட்டுரையின் அடியில் அவர் இருந்தார். வளசரவாக்கத்தில், பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால், இரண்டாவது ஒழுங்கையில், யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் சனிக்கிழமைகளில் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சி விற்கிறார். மூக்குக்கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். கேளாமலே இரண்டாவது அகப்பை ஊற்றுவார்... எல்லாம் பொய்.

ஏன் செய்தேன்? பெரிய காரணம் எதுவும் இல்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது.

கட்டுரை தருவதாகச் சொன்னவர் கைவிட்டுவிட்டார். நாலு மணிக்குப் பக்கம் முடிய வேண்டும். நான் அந்த நகரத்தைக் கண்ணால் கண்டவன் அல்லன். வரைபடத்தையும், போய்வந்த சக ஊழியர்களின் பேச்சையும் வைத்து மேசையிலிருந்தபடியே எழுதினேன். அதில் பிழை இல்லை. ஒவ்வொன்றையும் இரண்டு பேரிடம் கேட்டுச் சரிபார்த்தேன். கடைசியில் எட்டு வரி இடம் வெறுமையாகக் கிடந்தது.

அங்கே ஒரு பூவேலைக் கோடு போட்டிருக்கலாம். இருபத்தாறு வருடத்தில் எத்தனை கோடு போட்டிருப்பேன்! அன்று கன்டீனில் சோறு முடிந்துவிட்டது. பசி. கூழ் நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு எங்கள் வெள்ளவத்தை வீட்டுக் கதவு தட்டப்பட்டது. மூன்றாம் மாடி பத்மா அக்கா. தொலைபேசிக் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முழங்கால் வலியால் மாதக்கணக்காகக் கீழே இறங்காதவர். அன்று எங்கள் முதலாம் மாடிக்கு இறங்கி வந்திருந்தார், கையில் பேப்பரோடு.

“தம்பி, இந்தக் கூழ்க்கார அம்மாவை நீங்கள் நேர பாத்தனீங்களோ?”

“ஓம் அக்கா” என்றேன்.

எட்டு வரிகளின் பழியையாவது பசியின் மேல் போடலாம். இந்தச் சொல்லை எதன் மேல் போடுவேன்?

“அப்ப அது தவமணிதான்! கேளாமல் ரெண்டாம் அகப்பை ஊத்துறது அவள் ஒருத்திதான்!”

என் மனைவி வத்சலா கதிரையை இழுத்துப் போட்டாள். அக்கா சொன்னார். இருபத்துமூன்று வயதில் அவரும் தவமணியும் கொட்டாஞ்சேனையில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே குடை. ஒரு மழை நாளில் அக்கா அதை பஸ்ஸில் விட்டுவிட்டு வந்தார். தவமணி ஏசினார். அக்காவும் விடவில்லை. ஒன்பது நாள் கதை பேச்சில்லை. அதற்குள் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வந்தது. தவமணி வீட்டாரோடு இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார். போய் வருகிறேன் என்ற சொல்கூட இல்லை.

“மன்னிப்பெல்லாம் கேக்கமாட்டன் தம்பி” என்றார் அக்கா. “ஒரு குடை வாங்கிக்கொண்டு போறன். கண்டா அவளுக்கு விளங்கும்.”

அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். அதற்குள் வத்சலா, “திங்கள் போயா லீவு வாற கிழமை பாத்துப் போவமே, நாலு நாள் கிடைக்கும்” என்றாள். வாயை மூடிக்கொண்டேன்.

அதன் பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி நான் என்ன சொல்ல! அவ்வளவு மகிழ்ச்சியாக எங்கள் வீடு இருந்ததில்லை. சாப்பாட்டு மேசையில் வரைபடம் விரிந்தது. நாலு மூலையிலும் நாலு தேநீர்க் கோப்பைகள். கொட்டாஞ்சேனையிலிருந்து வான் ஓட்டும் சேவியர் மீன் ரோல்ஸ் வாங்கிக்கொண்டு வருவார். வியாழன் பின்னேரம் புறப்பட்டுக் காங்கேசன்துறை; வெள்ளி கப்பலில் நாகப்பட்டினம்; அங்கே வேறு வான் பிடித்துச் சென்னை. இதுதான் திட்டம். இதைப் பன்னிரண்டு தடவை திருத்தினோம்.

“காங்கேசன்துறை மட்டுந்தான் என்ட வான், மிஸ்” என்றார் சேவியர். “அங்கால கடல். டொல்பின் வான்தான், ஆனா நீந்தாது.”

“பேரை வச்சு ஏமாத்துறீங்களோ?” என்றார் அக்கா. “முதல்லயே சொல்லியிருந்தா நான் வேற வானெல்லோ பாத்திருப்பன்!”

மேசை குலுங்கச் சிரித்தோம். நானும் சிரித்தேன். ஏமாற்றுக்காரன் எதிர்க் கதிரையில் இருந்தான், சிரித்துக்கொண்டு!

அக்கா அந்தக் கட்டுரையை வெட்டி, காலி வீதி போட்டோகொப்பிக் கடையில் லாமினேட் செய்தார். புறக்கோட்டைக்குப் போய்க் குடை வாங்கினார், கறுப்பு, மரப்பிடி. காலையில் கடற்கரை வீதியில் நடக்கத் தொடங்கினார். முதல் வாரம் பத்து நிமிடம். மூன்றாம் வாரம் பாமன்கடைச் சந்திவரை போய் மரக்கறி வாங்கி வந்தார். வைத்தியரும் பிள்ளைகளும் வருடக்கணக்காகக் கெஞ்சியும் நடவாத கால்கள், என் எட்டு வரிக்காக நடந்தன!

இது எனக்கு வசதியான சாட்சியாகப் போய்விட்டது. பொய் நல்லதைத்தானே செய்கிறது என்று எனக்கு நானே சொன்னேன். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்களா? சொல்லாதீர்கள். நான் அதை நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன். மனத்தில் படியவில்லை.

“இஞ்சேருங்கோ, அந்தக் கடைக்குப் பேர் ஒண்டும் இல்லையே?” என்று வத்சலா ஒருநாள் கேட்டாள்.

“சின்னக் கடை. பலகை இல்லை” என்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் எப்போது சென்னைக்குப் போனேன் என்று அவள் கேட்கவே இல்லை. பிறகு பயணப் பையில் சீப்பு வைக்கப் போனாள்.

போனோம். கப்பலின் மேல்தட்டில் அக்கா சேலையைச் செருகிக்கொண்டு நின்றார். உப்புக் காற்றில் கண்ணாடி மங்கியது, துடைக்கவில்லை. “இந்தக் கடலைத்தான் அவளும் பாத்திருப்பாள்... ஆனா அழுதழுது பாத்திருப்பாள். நான் சிரிச்சுக்கொண்டு பாக்கிறன். எப்பிடி இருக்கு?” என்றார்.

சனிக்கிழமை காலை ஆட்டோவில் வளசரவாக்கம். “ரெண்டாவது ஒழுங்கை” என்றார் அக்கா.

“ஒழுங்கைன்னா என்னம்மா?” என்றார் ஆட்டோக்காரர்.

அக்காவுக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை.

பஸ் தரிப்பிடத்துக்குப் பின்னால் இரண்டாவது தெரு இருந்தது. எந்த ஊரில்தான் இருக்காது? அதில் ஒரு தையல் கடை, ஒரு போன் திருத்தும் கடை, பூட்டிய கதவு ஒன்று. அக்கா லாமினேட் செய்த கட்டுரையைத் தையல்காரரிடம் நீட்டினார். இனித் தப்ப முடியாது என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லுங்கள் ஐயா, அப்படி யாரும் இல்லை என்று சொல்லிவிடுங்கள் என்று மனத்துக்குள் அவரைக் கெஞ்சினேன்.

அவர் நிதானமாகப் படித்தார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். குடையைப் பார்த்தார்.

“சிலோன் அம்மா ஒருத்தங்க இருந்தாங்கம்மா, போன வருஷம் வரைக்கும். இட்லி போடுவாங்க. கூழும் போட்டிருப்பாங்க... எங்க போனாங்கன்னுதான் தெரியல.”

இரக்கமா? உண்மையிலேயே அப்படி ஒருவர் இருந்தாரா? எனக்குத் தெரியாது. ஒரு செய்தியை இரண்டு பேரிடம் சரிபார்க்காமல் விடாதவன் நான். அன்று இரண்டாவது ஆளிடம் கேட்கவில்லை.

“பாத்தீங்களோ தம்பி!” அக்கா என் தோளில் அடித்தார். “ஒரு வருஷந்தான் பிந்திட்டன். ஒரே ஒரு வருஷம்!”

குடையைத் தையல்காரரிடம் கொடுத்தார். “தவமணி வந்தா குடுங்கோ. பத்மா தந்தது எண்டு சொல்லுங்கோ.” அவர் சுண்ணக்கட்டியால் குடைத் துணியில் ‘தவமணி’ என்று எழுதி, சுவரில் அளவு நாடாவுக்குப் பக்கத்தில் மாட்டினார்.

அன்று மாலை அக்கா எங்களுக்கெல்லாம் ஐஸ்கிரீம் வாங்கித் தந்தார். வழி முழுக்கப் பாட்டு. இப்படி ஒரு பயணத்தை நான் இனிக் காணமாட்டேன்... அதை நினைத்து மகிழவும் என்னால் முடியவில்லை, வருந்தவும் முடியவில்லை.

எங்கள் பத்திரிகையில் ‘திருத்தம்’ என்று ஒரு சிறு பகுதி உண்டு. எட்டு வரிப் பொய்க்கு மூன்று வரி போதும். ஒவ்வொரு வெள்ளியும் அதைத் தட்டெழுதுகிறேன். நாலு மணிக்கு முன் எடுத்துவிடுகிறேன். அந்த இடத்தில் பூவேலைக் கோடு போடுகிறேன்.

இதை மட்டும் எப்படி எழுதினேன் என்று கேட்பீர்கள். அக்கா வாசிப்பது எங்கள் ஞாயிறு இணைப்பை மட்டும்தான். இது வேறு இடத்தில் வருகிறது. உங்களிடம் சொல்ல எனக்குத் துணிவு இருக்கிறது. அவர் இருப்பது எனக்கு இரண்டு மாடிக்கு மேலே!

நேற்று ஞாயிறு. வெள்ளவத்தையில் நல்ல மழை. மேசையில் மறுபடி வரைபடம், சேவியரின் ரோல்ஸ், அடுத்த திங்கள் போயா எப்போது என்ற தேடல். பத்மா அக்கா பாமன்கடையிலிருந்து நனைந்துகொண்டு வந்திருந்தார். வத்சலா துவாயைக் கொடுத்து, “ஒரு குடை கொண்டு போகக் கூடாதே அக்கா?” என்று கடிந்தாள். அவர் வீட்டிலிருந்த ஒரே குடை புறக்கோட்டையில் வாங்கியதுதான்; அதைத்தான் சென்னையில் விட்டு வந்திருக்கிறார்.

அக்கா தலையைத் துவட்டியபடி சாளரத்துக்கு வெளியே பார்த்தார்.

“நான் நனைஞ்சா என்ன பிள்ளை... அங்க மழை எண்டால் அவளிட்ட இப்ப குடை இருக்கும்தானே. என்ன தம்பி?”

“ஓம் அக்கா” என்றேன்.