பன்னீர் விட்டு வாங்கிய ஸ்பிரே கன்

“மூஞ்சியக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்க” என்று சொல்லிக்கொண்டே நூஹு ராவுத்தர் விசையை அழுத்திவிட்டார். கோயமுத்தூர் சாமான் கடைக்காரர் குப்பண்ணன் கண்ணை மூடித் திறப்பதற்குள் மீசையெல்லாம் பன்னீர்.

“ஏனுங்க ராவுத்தரே, எனக்குக் கண்ணாலமாகி இருவது வருசமாச்சுங்க!”

“அது கெடக்கட்டும். பனியாட்டம் உழுந்துதுங்களா, மழையாட்டம் உழுந்துதுங்களா?”

ராவுத்தர் எங்கள் பெரிய மாமியின் கொழுந்தன் மகன். புதுநகரத்தில் அத்தர், பன்னீர் வியாபாரம். புனலோ, மண்ணெண்ணெய் டின்னோ, குடையோ, எதை வாங்கப் போனாலும் மடியில் ஒரு பன்னீர்க் குப்பி இருக்கும். ஊற்றிப் பார்த்து, மோந்து பார்த்துத்தான் வாங்குவார். “தண்ணி பொய் சொல்லுமுங்க. பன்னீரு சொல்லாது” என்பார்.

இந்த முறை சோதனை, கார் பெயிண்டுக்கான ஸ்பிரே கன்னுக்கு. மகள் ரஹீமாவின் நிக்காஹ் நெருங்கிவிட்டது. மாப்பிள்ளை ஊர்வலத்துக்குத் தன் பழைய கார்தான் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அதுவோ தோல் உரிந்து நின்றது.

“இந்தத் தேமல் புடிச்ச வண்டியில எம் மருமவன் ஏறக் கூடாது. மினுங்கலீன்னா எங்க மஜீதண்ணன் காருதான்” என்று மனைவி சௌதா முடிவாகச் சொல்லிவிட்டாள். மச்சான் மஜீத், ஒரு மழைக்குக் குடை இரவல் கொடுத்ததையே வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருப்பவர். கார் கொடுத்தால் கேட்கவே வேண்டாம்.

குப்பண்ணன் வாயகன்ற கன் ஒன்றைத் திரும்பத் திரும்ப நீட்டினார். “பெயிண்டுக்கு இதுதானுங்க.”

“இது பூவாளிங்க” என்று ராவுத்தர் அதைத் தள்ளினார். ஊசித் துளை வைத்த, பனி போலத் தூவுகிறதே, அதை வாங்கி வந்தார்.

பச்சைப் பெயிண்ட் ஊற்றி அழுத்தியதும் கன் இருமியது. பிறகு பச்சைக் கட்டியாகத் துப்பியது. வேடிக்கை பார்க்கவென்றே வந்து முற்றத்தில் நாற்காலி போட்டிருந்த மஜீத் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

“மச்சான், வண்டிக்கு அம்மை போட்டிருக்குது. வேப்பெலை கட்டட்டுமா?”

“துப்பாக்கி சரியாத்தான் இருக்குது. பெயிண்டுதான் பன்னீராட்டம் இல்ல.”

அம்மையை எல்லாம் சுரண்டினார். பெயிண்டை இளக்கும் தின்னர் கலந்து கலந்து, அதைப் பன்னீர் போலவே ஓட விட்டார். அடித்தால் மூச்சுப் பட்ட கண்ணாடி அளவுக்குத்தான் நிறம் ஒட்டியது. காய்ந்ததும் மறுபடி, காய்ந்ததும் மறுபடி. கன்னுக்குக் காற்றேற்றப் பஞ்சர் கடையில் இரவல் வாங்கியிருந்த கைப்பம்பை மஜீதிடமே கொடுத்தார்: “சிரிக்கிற மூச்ச எதுக்கு வீணாக்கறீங்க? காத்தடிங்க மச்சான்.” மஜீதின் வெள்ளைக் கைலி பச்சையாயிற்று. காரும் மினுங்கியது.

ஆனால் கடைசிப் பூச்சு விழுந்தது நிக்காஹ் அன்று காலையில். சௌதா விரலை அருகில் கொண்டுபோய், தொடாமலே எடுத்துக்கொண்டாள். “மருமவன் சட்டையில ஒரு சொட்டுப் பச்சை ஒட்டட்டும். அப்பறம் இருக்குது உங்களுக்கு.”

சாயங்காலம் ஊர்வலம் வாசலுக்கு வந்தது. மாப்பிள்ளை வழிநெடுகக் கதவின் மேல் முழங்கையைச் சாய்த்துக்கொண்டே வந்திருக்கிறார். சட்டை பால் வெள்ளை. ராவுத்தர் கையிலிருந்த பன்னீர்ச் செம்பை மஜீதிடம் திணித்துவிட்டு ஓடினார். இறங்கியவரைக் கட்டித் தழுவி, அவர் தோளிலிருந்து மணிக்கட்டு வரை சட்டைக் கையை அழுந்தத் தடவிக் கொடுத்தார். மாமனாரின் பாசத்தைப் பார்த்துச் சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ராவுத்தர் விலகி நின்று தன் உள்ளங்கையைப் பார்த்தார்; ஒரு சொட்டுப் பச்சை இல்லை. பிறகு, சன்னல் கம்பிக்குப் பின்னால் நின்ற சௌதாவுக்கு அந்தக் கையை விரித்து உயர்த்திக் காட்டினார்.