ஷேர் ஆட்டோவில் நான் சொன்ன பெயர்

நான் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். சம்பந்தப்பட்ட பெண்ணிடம் கேட்டுக்கொண்டு, பெயரையும் ஊரையும் மாற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அன்று வேலை முடிந்து ஷேர் ஆட்டோவில் அவனியாபுரம் திரும்பிக்கொண்டிருந்தேன். அடுத்த ஷிஃப்ட் நர்ஸ் போன் செய்து, ஒரு நோயாளியின் மாத்திரை பற்றிக் கேட்டாள். ஆட்டோ இரைச்சலில் நான் கத்தினேன்.

"விளாங்குடி கவிதாவுக்குத்தானே? வலிப்பு மாத்திரையை நிறுத்தக் கூடாதுடி!"

போனை வைத்ததும், எதிரே உட்கார்ந்திருந்த ஓர் அம்மா கேட்டார். "எந்தக் கவிதாம்மா? அடுத்த மாசம் கல்யாணம் வச்சிருக்காகளே, அந்தப் பிள்ளையா?"

"இல்லம்மா, இது வேற ஆளு" என்று பொய் சொல்லிவிட்டு, பாதி வழியிலேயே இறங்கி நடந்தேன். அவர் மாப்பிள்ளை வீட்டுக்குச் சொந்தமோ? நான் சொன்னதை நம்பினாரா? வீட்டில் சோறு இறங்கவில்லை.

மறுநாள் தலைமை நர்ஸிடம் நடந்ததை ஒப்புக்கொண்டேன். பிறகு கவிதாவிடம் போய்ச் சொன்னேன். அவள் முகம் வெளிறிவிட்டது.

"எனக்கு வலிப்பு இருக்குன்னு மாப்பிள்ளைகிட்ட நானே முன்னாடியே சொல்லிட்டேன் சிஸ்டர். அதனால கல்யாணம் தப்பிச்சுச்சு. ஆனா யாருகிட்டச் சொல்லணும்னு நாந்தான முடிவு பண்ணணும்?"

மன்னிப்புக் கேட்டேன்.

இப்போதெல்லாம் வழியில் வார்டிலிருந்து அழைப்பு வந்தால், ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கிவிடுகிறேன். ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்று, கட்டில் எண்ணை மட்டும் சொல்லிப் பேசுகிறேன். அடுத்த ஆட்டோ வரக் கால்மணி நேரம் ஆனாலும் ஆகட்டும்.